எஜமானி வேஷம்

மஸ்கட்டில் இருக்கும் உங்களுக்கு,

அங்கே வருவதற்கு முன் கற்றுக்கொள்ளச் சொல்லி நீங்கள் சேர்த்துவிட்ட கொல்கத்தா லேக் மார்க்கெட் அரபி வகுப்பில், பேசிப் பழகுவதற்காக எங்களை நடிக்க வைக்கிறார்கள். இன்று நான் வீட்டு எஜமானி. கூடப் படிக்கும் மௌஷுமி வேலைக்காரி. தட்டை உடைத்ததற்காக அவளை நான் திட்ட வேண்டும்.

தேடாமலே வார்த்தைகள் வந்து விழுந்தன. "கண்ணு தெரியலையா? எதுக்குத்தான் லாயக்கு நீ?" என்று அரபியில் கத்தினேன். மௌஷுமி நிஜமாகவே அழுதுவிட்டாள். ஆசிரியர் கைதட்டி, "தாருண், தீதி! பிரமாதம்! இத்தனை நாள் வாயே திறக்கலையே!" என்றார்.

அந்த வார்த்தைகள், அந்தக் குரல், விரலை நீட்டிய விதம்கூட உங்களுடையவை. நீங்கள் என்னைத் திட்டி, வருஷக்கணக்காகக் கேட்டு மனப்பாடமானவை.

மௌஷுமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். எங்கள் டிக்கெட்டுகளை ரத்து செய்துவிடுங்கள். நானும் குழந்தையும் அங்கே வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா