வரிசையில் வைத்த குடை

ஷாங்காய்,
செப்டம்பர் 3

குவாங்ஹோ அம்மாவுக்கு,

உன் முழங்கால் உண்மையாகவே வலிக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வலிக்கிறது என்றால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. வலிக்கவில்லை என்றாலும் உட்கார்ந்தே படி. கொஞ்சம் நீளமாகப் போகும் என்று நினைக்கிறேன்.

நான்கு நாட்களாக நீ என் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் தடுமாறித்தான் இருப்பேன். அதனால் எழுதுவதே சரி என்று தோன்றியது. நம் பிள்ளை குவாங்ஹோவின் அலுவலக நண்பர் வெள்ளிக்கிழமை நம் ஊர் சோங்ஜுவுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்தாகிவிட்டது. இதிலும் தவறு இருக்கலாம்.

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய மிளகாய்த்தூளும் எள்ளெண்ணெயும் வந்து சேர்ந்தன. எண்ணெய்ப் புட்டி மூடி சற்றுக் கசிந்து, அதோடு நீ வைத்திருந்த என் பழைய ஸ்வெட்டர் முழுவதும் மணக்கிறது. குவாங்ஹோ இன்னமும் பத்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறான். கம்பெனியில் சீன மேலாளருக்கும் நம் ஊர் மேலாளருக்கும் ஒத்துப்போகவில்லையாம், நடுவில் இவன். மருமகள் மிரான் போன வாரம் கிம்ச்சி ஊறப்போட்டாள், பூண்டு வாடை படியெல்லாம் இறங்கியது. கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்து கதவைத் தட்டினாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் என் அறைக்குள் போய்விட்டேன். அவள் ஒரு கிண்ணம் கிம்ச்சி கேட்டு வாங்கிப்போனாளாம்.

சாலையைக் கடப்பதில் எனக்கு முன்னேற்றம் இல்லை. இங்கே பேட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் நடைபாதையில் வருகின்றன. பச்சை விளக்கு இரண்டு முறை வந்து போகட்டும் என்று விடுகிறேன். மூன்றாவதில் யாராவது குழந்தையோடு கடந்தால் அவர்கள் பின்னால் போய்விடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குடும்பக் குழுவில் நம் பேத்தி சோயுல் ஒரு படம் போட்டாள். பூங்காவில் நானும் ஒரு சீன அம்மாளும் நிற்கிறோம். அவள் கையில் என் குடை. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே 'தாத்தாவை மாப்பிள்ளை கேட்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாள். நீ 'வாழ்த்துகள்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டாய். பிறகு குவாங்ஹோவைக் கூப்பிட்டு, "உங்கப்பாவுக்கு எழுபத்தொரு வயசுல இப்பதான் மவுசு வந்திருக்கு, நான் வந்து எதுக்குக் குறுக்கே நிக்கணும்" என்று சொன்னாயாம். சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு இங்கே வரமாட்டேன், முழங்கால் வலி என்றாயாம்.

நடந்தது இதுதான். சனிக்கிழமைகளில் சோயுலுக்கு வயலின் வகுப்பு. மிரான் அவளை அழைத்துப்போகும்போது என்னைப் பக்கத்துப் பூங்காவில் விட்டுவிடுவாள். அன்று காலை தூறியது. முப்பத்தொரு ஆண்டு வானிலை நிலையத்தில் மழை அளந்தவனால் அதை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. தூறல் நின்றதும் பார்த்தேன். ஒரு பாதை நெடுகத் தரையில் விரித்த குடைகள், வரிசையாக. காய வைத்திருக்கிறார்கள், எவ்வளவு ஒழுங்கான மக்கள் என்று வியந்தேன். வரிசை கெடாமல் என் குடையையும் கடைசியில் விரித்து வைத்தேன்.

மற்றக் குடைகளின் மேல் தாள்கள் செருகியிருந்தன. என் பையிலும் ஒரு தாள் நனைந்திருந்தது. அது சோயுல் கொடுத்த வீட்டுப்பாடம். எனக்குச் சீனம் கற்பிப்பவள் அவள்தான். உச்சரிப்பு சரியில்லை என்று ஏழு மாதமாக முதல் பாடத்திலேயே வைத்திருக்கிறாள். பாடம், 'என்னைப் பற்றி'. பெயர், வயது, உயரம், பார்த்த வேலை, ஓய்வூதியம், சொந்த வீடு, ரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருப்பது, மீன் குழம்பு பிடிக்கும் என்பது எல்லாம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அதையும் காயட்டும் என்று குடையில் செருகினேன்.

கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வரன் தேடும் பெற்றோர், விவரத்தைத் தாளில் எழுதிக் குடையில் செருகி வைக்கிற இடமாம் அது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஷென் என்ற அம்மாள், நம் வயதுதான், தாளையும் என்னையும் மாறி மாறிச் சுட்டி இது நீயா என்பதுபோல் கேட்டாள். ஆம் என்று தலையாட்டினேன். என் பல்லைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக் குறட்டைச் சத்தம் போட்டுக் காட்டினாள். அதற்கும் தலையாட்டினேன். பொய் சொல்ல வரவில்லை. கூட்டம் கைதட்டியது.

அப்போதுதான் மிரானும் சோயுலும் வந்தார்கள். மிரான் சிரிப்பை அடக்க முடியாமல் கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சோயுல்தான் மொழிபெயர்த்தாள்.

"தாத்தா, இந்தப் பாட்டி அவங்க விதவை அக்காவுக்கு உங்களைப் பேசி முடிக்கப் பாக்குறாங்க. ஆறு வருஷமா இங்க வர்றாங்களாம். குறட்டை விடுவேன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆம்பளை நீங்கதானாம்."

எனக்கு மனைவி இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். ஷென் அம்மாளின் முகம் மாறியது. என் குடையைப் பிடுங்கி மடக்கினாள்.

"பொண்டாட்டிய வச்சுக்கிட்டா குடை விரிச்சீங்க? தாள்ல ஏன் எழுதல?"

முதல் பாடத்தில் மனைவி இல்லை, இரண்டாம் பாடத்தில்தான் குடும்பம் வருகிறது என்று விளக்கினேன். அவள் திட்டத் தொடங்கினாள். சோயுல் எடுத்த படம் அந்த நேரத்தில் எடுத்ததுதான். பயந்தால் நான் சிரிப்பேன் என்பது உனக்குத் தெரியும்.

இதோடு நிறுத்தியிருந்தால் என் பக்கம் நியாயம் இருந்திருக்கும். ஆனால் அவள் கோபம் தணிந்து ஒன்று கேட்டாள்.

"சரி, அவங்க எங்க?"

ஊரில், இன்னும் வரவில்லை என்றேன்.

"வரச் சொன்னீங்களா?"

சோயுல் இதை இரண்டு முறை மொழிபெயர்த்தாள். நான் அவள் திருப்பிக் கொடுத்த குடையின் கம்பியைச் சரிபார்ப்பதுபோல் நின்றேன்.

குவாங்ஹோ அம்மா, பிப்ரவரியில் பிள்ளை நம் இரண்டு பேரையும்தான் அழைத்தான். உன் முழங்கால், இந்த ஊர்க் குளிர், புதன்கிழமை உன் பாட்டுக் குழு எல்லாவற்றையும் நானே எண்ணிப் பார்த்து, 'முதலில் நான் போய்ப் பார்க்கிறேன்' என்றேன். நீ, "போய்ட்டு வாங்க" என்று சொல்லி என் சட்டைகளை மடித்துக் கொடுத்தாய். உனக்கும் அதுவே விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டு நீ மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று பயந்தேனோ என்னவோ. மனைவி என்ற சீன எழுத்தும் எனக்குத் தெரியாதது அல்ல. நம் ஊர்ப் பள்ளிகளிலும் சீன எழுத்துக் கற்பித்த அந்தக் காலத்தில், எட்டு வயதில் எழுதியது. பாடத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன். அதுவும் சரியில்லை.

உனக்குப் பதினோராம் தேதி விமான டிக்கெட்டை எடுத்தது குவாங்ஹோ. பண்டிகைக்கு வரச்சொல்லி அழைத்தது மிரான். பாட்டி வந்தால் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டிருப்பவள் சோயுல். நான் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். முழங்கால் வலித்தாலும் வா. கோபத்தோடு வந்தாலும் சரி, இங்கே வந்து திட்டு. பேத்தியைப் பார்க்க வா என்று எழுதுவது சுலபம். எனக்காக வா என்று எழுத இத்தனை பக்கம் ஆகிவிட்டது. பதினோராம் தேதி விமானம் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் போய் நிற்பேன். நீ வராவிட்டாலும் நிற்பேன், கடைசி ஆள் வெளியே வரும் வரை.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
யூன் பியோங்சூ