ஒரே இடத்தில் விழுந்த ஊசிகள்

அக்கா,

இன்று காலை டயாலிசிஸ் ஊசிகளின் புதுப் பெட்டி வந்தது. ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்தேன். ஓரம் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினேன். அப்புறம்தான் உறைத்தது, இது உங்கள் பழக்கம் என்று.

திருநள்ளாறு லாட்ஜ் ஒன்றின் வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களின் அடையாள அட்டையைச் சரிபார்க்கிற வேலை உங்களுக்கு. காரைக்காலில் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக் கட்டிலில் படுத்திருக்கும்போதும் அதே பார்வைதான். "பதினாறாம் நம்பர் ஊசிதானே? பிரிக்காம காட்டுங்க" என்பீர்கள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது நீங்கள் மட்டும் ஊசி தோலுக்குள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஊசி போடுகிற எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏன் ஒரே எடத்துலயே குத்துறீங்க?" என்று மூன்று முறை கேட்டீர்கள். டயாலிசிஸுக்காகவே ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடது கை அது. ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித்தான் குத்த வேண்டும். தெரியாதவன் இல்லை நான். ஆனால் அந்த ஓரிடத்தில் தோல் மரத்துப்போய், ஊசி சுலபமாக இறங்கும். "அங்கதான் வலிக்காதுக்கா" என்று சமாளித்தேன்.

ஒரு நாள் மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கண்டித்தார். யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். சந்தேகம் உங்கள்மேல்தான். நேரே வந்து கேட்டேன்.

"நான்தான் சொன்னேன். மொதல்ல ஒங்ககிட்டதான கேட்டேன்?"

அந்த வாரமே அறுவை மருத்துவர் உங்கள் கையைப் பார்த்தார். நான் குத்திக் குத்தி அந்த இடம் புடைத்து, தோல் மெலிந்து பளபளத்தது. இன்னும் அங்கேயே குத்தினால் கிழிந்து ரத்தம் பீறிடலாம் என்றார்.

அடுத்த முறை நீங்கள் வந்தபோது பாக்கெட்டைப் பிரிக்காமலே கேட்டேன். "வேற ஆளக் கூப்புடவாக்கா?"

"வேணாம். நீங்களே போடுங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

புது இடம். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டீர்கள். பார்வையை மட்டும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் கை தாங்கியது. போன ஐப்பசியில், வீட்டிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். செய்தி கேட்டதும், நான் ஏதாவது தப்பு செய்தேனா என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசியாக உங்களுக்கு ஊசி போட்ட நாளின் குறிப்பை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இப்போது வரிச்சிக்குடியிலிருந்து ஒரு விவசாயி வருகிறார். "ஒங்களுக்குத் தெரியாதா தம்பி" என்று கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் நம்புகிற அளவுக்கு என் கையை நான் நம்புவதில்லை. விரல் தானாகப் பழைய தழும்பில் போய் நிற்கும். அதை எடுத்து, இன்னும் கொஞ்சம் மேலே தடவிப் பார்க்கிறேன்.