சிவப்புக் கார்டின் பேரில் சொன்ன பொய்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் ஷாமினிக்கு,

உன் அம்மா மாரியாயி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் மறைத்ததற்கு நேரில் இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் மெதுவாக.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உதட்டைப் பிதுக்குவாய். போனில்தான் மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துவிட்டேனே! நான் வாயைத் திறந்தாலே 'நீ பொய் சொல்றேம்மா' என்கிறாய். நேற்று காலையிலிருந்து என் நம்பரையே பிளாக் செய்து வைத்திருக்கிறாய். எதிர்வீட்டு விஷ்ணுப்ரியாவைப் பேசச் சொன்னேன். வக்கீல் ஆபீசில் வேலை செய்கிற பிள்ளை, அவள் சொன்னாலாவது கேட்பாய் என்று நினைத்தேன். நான் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் பேசுகிறாள் என்று அவளிடமே சொன்னாயாம். பிடிவாதத்தில் நீ அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாய், யாரைக் குறை சொல்ல?

அதனால் இதை எழுதி, லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷம்சுதீன் பாயிடம் கொடுக்கிறேன். நாளைக் காலை திருச்சிக்குப் போகிறார். உன் கையில் கொடுக்காமல் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இதோடு ஒரு காகிதமும் வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு அதைப் பார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். உன்னிடம் சொல்லாமல்தான் செய்தார், அதற்காக அவரைத் திட்டாதே. 'அத்தை, எனக்குப் பயமா இருக்கு அத்தை' என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே அழுதுவிட்டார். உனக்கு இரண்டு முறை உதிரம் பட்டதாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், விமானம் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நீயோ வரும் பதினான்காம் தேதி டிக்கெட்டை மாற்றவே மாட்டேன் என்கிறாயாம். விமானத்தில் டாக்டர் கடிதம் கேட்டால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டதற்கு, லூசான சுரிதார் போட்டு, ஷாலைச் சுற்றிக்கொண்டு, ஐந்து மாதம்தான் என்று சொல்லிவிடுவேன் என்றாயாம். முப்பது வாரத்து வயிற்றை ஷாலால் மூடுவாயா? அடி மடச்சி!

எதற்காக இப்படி உயிரைப் பணயம் வைக்கிறாய் என்று கேட்டேன். 'என் புள்ள எங்கம்மா மாதிரி குடியுரிமை இல்லாம ஆயிடக் கூடாதுங்கறா, அத்தை. வேற எதுவும் காதுல ஏற மாட்டேங்குது' என்றார். பள்ளி கேண்டீனில் பிள்ளைகளுக்கு மீகூன் நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் உன்னிடம் சொன்னதுதான் பொய். திங்கட்கிழமையிலிருந்து சொல்வது உண்மை. நீ இரண்டையும் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாய்.

அன்றைக்கு என் குடியுரிமை மனு என்னவாயிற்று என்று கேட்கப் பதிவு இலாகாவுக்குப் போனேன். இது ஐந்தாவது மனு. வழக்கம் போல 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்றார்கள். அப்படியே உன் விஷயத்தையும் கேட்டு வரச்சொல்லி நீதான் சொல்லியிருந்தாய். முன்பெல்லாம் மலேசிய அப்பாவுக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் குடியுரிமை உண்டு, மலேசிய அம்மா பெற்றால் கிடையாது. இப்போது சட்டத்தை மாற்றி அம்மாவுக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று விஷ்ணுப்ரியா நமக்கு நூறு முறை சொல்லியிருந்தாள். ஆனால் பேப்பரில் ஒன்று போடுவார்கள், கவுண்டரில் வேறொன்று சொல்வார்கள் என்பது நமக்குப் பழக்கமாயிற்றே. கவுண்டரில் கேட்டால்தான் நம்புவேன் என்றாய். கேட்டேன். அங்கே இருந்த மலாய்க்கார ஆபீசரம்மாவும் அதையேதான் சொன்னார். சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியையும் காட்டினார். உன் பிரசவத் தேதிக்கு ரொம்ப முன்னால் அது. நீ திருச்சியிலேயே பெற்றுக்கொள்ளலாம், உடம்பு தேறிய பிறகு சென்னையில் இருக்கும் நம் நாட்டு அலுவலகத்தில் பதிந்தால் போதும் என்றார்.

சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ஒரு நினைப்பு வந்தது. அப்படியானால் இவள் வரமாட்டாளே!

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நான் ஆரம்பத்தில் சொன்னபோதே 'அதெல்லாம் அந்தக் காலம்மா' என்றவள் நீ. பிள்ளைக்குக் குடியுரிமை, நீலக் கார்டு வேண்டுமென்றால் இங்கேதான் பெற வேண்டும் என்றதும் மறுபேச்சு இல்லாமல் சரி என்றாய். இத்தனை மாதமாக எனக்காகப் பேசியது அந்தப் பழைய சட்டம்தான். நான் கூப்பிட்டால் வரமாட்டாய், சட்டம் கூப்பிட்டால் வருவாய். அந்தச் சட்டம் கையை விட்டுப் போனதும் எனக்கு எதைப் பிடித்து உன்னை இழுப்பது என்று தெரியவில்லை.

ஒரு வருடம்தான் ஆகிறது நீங்கள் போய். இந்தியாக்காரரான மாப்பிள்ளையின் வேலை பாஸைப் புதுப்பிக்கச் சம்பளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதியை உயர்த்தினார்கள், கம்பெனி அவ்வளவு கொடுக்க முடியாது என்று கையை விரித்தது. இரண்டே மாதத்தில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு கிளம்பிவிட்டீர்கள். நீ வாரம் ஒரு தடவை கிள்ளானுக்கு ரயில் ஏறி வந்து, சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போவாய். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோழியைக் கூடுதலாக வாங்கிவிடுகிறேன். உன் அப்பா தனியாளாகத் தின்று தீர்க்கிறார், கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் நீ 'கேட்டியாம்மா?' என்றதும் வாயில் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறதாம், ஆனால் என் கார்டு நிரந்தரவாசிக்கான சிவப்பாக இருப்பதால் உன் பிள்ளையின் கேஸைத் தனியாக எடுத்து வைப்பார்களாம், வருடக்கணக்கில் இழுக்குமாம், இங்கே பிறந்தால் ஒரு கேள்வியும் கிடையாதாம் என்றேன். 'சரிம்மா, வரேன்' என்றாய் நீ. நான் போனை வைத்துவிட்டு உன் பழைய அறையைக் கூட்டித் துடைத்தேன். பாவி நான்.

சிவப்புக் கார்டு என்றால் நீ எதையும் நம்புவாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவள் நான். என் அப்பா என் பிறப்பைப் பதியாமல் விட்டதால் இந்த அறுபது வயதிலும் இந்த நாட்டில் நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. அப்பாவின் கார்டு நீலம் என்பதால் நீ தப்பித்தாய். பள்ளிச் சீருடையோடு என்கூட கவுண்டர் கவுண்டராக அலைந்து, எனக்கு மலாயில் மனுப் பாரம் நிரப்பித் தந்தவள் நீ. ஒரு தடவை ஒருவர் என்னைப் பார்த்து எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று கேட்டதும், நான் பதில் சொல்வதற்கு முன்னால் நீ அழுதுவிட்டாய். பதினொரு வயது உனக்கு. அந்த அழுகையை எடுத்துத்தான் உன்னை மிரட்டியிருக்கிறேன். பெற்றவள் செய்கிற வேலையா இது?

உன் அப்பாவிடம் செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கார்த்திகேசு மனுஷனுக்குக் கோபம் வந்து நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு போய், இரண்டு நாள் ரொட்டிச் சானாய்க் கடையிலேயே சாப்பிட்டார். நேற்றுதான் 'போய் அந்த ஆபீசரையே எழுதித் தரச் சொல்லு, நீ சொன்னா இனி எவனும் நம்ப மாட்டான்' என்றார்.

கேண்டீனுக்கு லீவு போட்டுவிட்டு நேற்றே போனேன். நம்பர் எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நல்ல வேளை, அதே அம்மா இருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததை எல்லாம் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன் போ! 'என்ன ஆன்டி, எங்க பேரைச் சொல்லி மகளை ஏமாத்தலாமா?' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் அவரே ஒரு நாற்காலி போடச் சொன்னார். 'மகளோட கார்டு நீலம்தானே? அது போதும் லா. பாட்டி கார்டு என்ன கலர்னு யாரும் கேட்கப் போறதில்ல' என்றார்.

அவர் கையால் எழுதிக் கொடுத்த விளக்கத்தாள்தான் இதோடு இருப்பது. சட்டத்தின் தேதிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். ஓரத்தில் எழுதியிருப்பதும் அவர்தான். உனக்கு என்னைவிட நன்றாக மலாய் தெரியும், நீயே படித்துக்கொள். இதையே படம் எடுத்து நேற்று மாப்பிள்ளை போனுக்கு அனுப்பினோம். எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறோம் என்றாயாம். அதனால் காகிதத்தையே அனுப்புகிறேன். என் கையெழுத்தை நீ அறிவாய், அது என் கையெழுத்து இல்லை.

நீ கேட்பாய், அப்படியானால் நீ கிளம்பி வாயேன் அம்மா என்று. வரத்தானே துடிக்கிறேன். கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் உன்னை வழியனுப்பிய கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் என் கார்டு என்னை விடும். ஐந்தாவது மனுவுக்குப் பதில் வரட்டும், பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்குள் வந்துவிடுகிறேன். வராவிட்டால் ஆறாவது போடுவேன்.

அதுவரைக்கும் சம்பந்தியம்மா சொல்வதைக் கேள். இதை எழுத எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் தெரியுமா? உன்னைக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணி போட்டு, பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்க வேண்டியவள் நான். பரவாயில்லை, அவர் செய்யட்டும். போன தீபாவளிக்கு அவர் அனுப்பிய முறுக்கை நான் குறை சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பெரிய மனது பண்ணி என் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்டதாகச் சொல். படுக்கையை விட்டு எழுந்திருக்காதே. மாடிப்படி வேண்டாம், குனிந்து வேலை வேண்டாம். மறுபடி உதிரம் பட்டால் நடு ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. என்னிடம் மறைக்காதே. பயந்தால் நான் பயந்துவிட்டுப் போகிறேன், அதற்குத்தானே அம்மா.

மாப்பிள்ளை பாலனிடம் கோபித்துக்கொள்ளாதே. அவர் அன்று போன் செய்யாமல் இருந்திருந்தால், பதினான்காம் தேதி நான் ஏர்போர்ட்டில் பூ வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். நீ எந்த நிலையில் வந்து இறங்கியிருப்பாயோ, நினைக்கவே முடியவில்லை.

ஷம்சுதீன் பாய் உன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். நீ இதைப் படித்து முடித்து, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, என்னைக் கூப்பிடும் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மனுஷன் சரக்கு எடுக்கப் போக வேண்டும், ரொம்ப நேரம் காக்கவைக்காதே. என் நம்பரைத் திறந்துவிடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

திட்டி முடித்ததும் 'நான் வரமாட்டேன்ம்மா' என்று ஒரு வார்த்தை சொல். அபசகுனம் என்று தயங்காதே, நான் கேட்கிறேன், சொல். அதைக் கேட்டால்தான் இந்த அடிவயிறு ஆறும். வராதே, என் தங்கமே. நீயும் பிள்ளையும் வெவ்வேறு உயிராகப் பிரிந்து, இரண்டும் நல்லபடியாக இருக்கிறது என்று செய்தி வரும் வரைக்கும் அங்கேயே படுத்திரு.

பத்துமலை முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா,
மாரியாயி