என் கடைச் சுவரில் உன் முதுகு

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் இன்று காலை ஒரு புதுத் துணிக்கட்டைப் பிரித்தோம். மேல் சாக்கைக் கிழித்ததும் கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே மாம்பழ மஞ்சளில் பளபளவென்று சாட்டின் துணி. நாம் ஐந்து பேரும் முதன்முதலாக ஒரே மாதிரி சட்டை தைத்துக்கொண்டது இதே நிறத்தில்தான். "இதப் போட்டா கல்யாண ஊட்டு ஜமுக்காளத்தச் சுத்திக்கிட்ட மாதிரி இருக்கும்டா" என்று முகத்தைச் சுளித்தாய். மேடையில் விளக்கு பட்டதும் அந்தச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல், பஸ்ஸில் வீடு வரைக்கும் அதோடேயே போனவனும் நீதான்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தேன். கல்லாவுக்கு மேலே நம் போட்டோ மாட்டியிருக்கிறது. கையில் மைக்கோடு, கண்ணை மூடி, வாயைத் திறந்தபடி நான். என் தோளில் கை போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நீ. கடைக்கு வருகிறவர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டு பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு, "அந்த முதுகு யாருங்க?" என்பார்கள். "கூடப் பாடினவன்" என்று சொல்லிவிட்டு துணி அளக்கப் போய்விடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் சொன்னேன். இந்த மடல் அந்த முதுகுக்குத்தான்.

திருச்செங்கோட்டுக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸின் கடைசி சீட்டில்தான் நம் குழு பிறந்தது. நான் சேலத்தில் ஏறுவேன், நீ வழியில் ஏறுவாய், அதுவும் பஸ் கிளம்பிய பிறகு ஓடிவந்து. தலைமுடியைச் சீவ உனக்கு அரை மணி நேரம் வேண்டும். உன் அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறைகளில் அவரோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போய், போர் போடுகிற இடத்தில் நின்று வளர்ந்தவன் நீ. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடமும் கத்தித்தான் பேச வேண்டும். நீ கத்தாமல், அந்த இரைச்சலுக்கு மேலே குரலைத் தூக்கி நிறுத்தப் பழகியிருந்தாய். "தொண்டையில கத்துனா ஒரு நாள் தாங்கும். வயித்துல இருந்து எடுத்தா வருசம் பூரா தாங்கும்" என்பாய். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தாலும் உன் சுருதி அசையாது. அந்த டிரைவர்தான் நமக்கு 'அஞ்சாம் கியர்' என்று பெயர் வைத்தார்.

நான் பாட வந்தவன் இல்லை, ஆட வந்தவன். உனக்கு ஆட்டம் சுத்தமாக வராது. வலது காலை எடு என்றால் யோசித்துவிட்டு இடது காலை எடுப்பாய். மற்ற மூவருக்கும் இரண்டும் சுமாராக வரும். கல்லூரி விழாவில் நாம் ஆடிப் பாடியதை யாரோ போனில் எடுத்துப் போட, ஒரு வாரத்தில் அது ஊரெல்லாம் சுற்றி, சென்னையில் ஒரு மியூசிக் கம்பெனிக்காரர் கண்ணில் பட்டது. உன்னுடைய 'வந்துருச்சு' பாட்டையே எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் பீறிட்டுக் கிளம்பியதும் ரிக்கில் எல்லோரும் போடுகிற கூச்சலை வைத்து நீ கட்டிய காதல் பாட்டு அது.

உன் பாட்டுதான், ஆனால் கம்பெனிக்காரர்கள் முகத்தைப் பார்த்து வரிகளைப் பிரித்தார்கள். உனக்கு ஆரம்பத்தில் இரண்டு வரி. கொட்டெல்லாம் அடங்கி ஒற்றைக் குரல் மட்டும் ஒலிக்கிற அந்த நான்கு வரிகள் எனக்கு, நான் கொஞ்சம் லட்சணமாக இருக்கிறேனாம்! ஸ்டுடியோவில் ஹெட்போனை மாட்டியதும் எனக்குச் சுருதியே பிடிபடவில்லை. பத்து தடவை பாடினேன், பத்தும் பாழ். "இவரு வேண்டாம், நாலு பேரே போதும்" என்று இசையமைப்பாளர் எழுந்து போய்விட்டார். நான் வெளியே டீக்கடையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நீ வந்தாய். "முடிஞ்சுது வாடா" என்றாய். ரெக்கார்டிங் பார்ப்பவரிடம் கெஞ்சி, என் நான்கு வரிகளை என்னைப் போலவே பாடி வைத்திருந்தாய். வரி முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டும், நடுவில் ஒரு தடவை 'ஹக்' என்று வாங்குவேன். அந்த மூச்சைக்கூட விடாமல் வைத்திருந்தாய். மறுநாள் இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, நான் பாடியது என்றே நம்பி என் முதுகில் தட்டினார். ஊருக்குத் திரும்புகிற ரயிலில் நான் அழுதேன். "ஏன்டா அழுவறே? நீ இல்லாட்டி எனக்கு யாரு ஸ்டெப் சொல்லித் தருவா? உதட்ட மட்டும் ஒழுங்கா அசை, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாய்.

பார்த்துக்கொண்டாய். அந்தப் பாட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. அதிலும் எல்லோருக்கும் பிடித்தது அந்த நான்கு வரிதான். மேடைகளில் பாட்டை ஓடவிட்டு நாம் வாயசைத்து ஆடுவோம். சேலத்துப் பொருட்காட்சி மேடையில், சரியாக என் வரி தொடங்கும் நேரத்தில் லேப்டாப் நின்றுபோனது. அவ்வளவு ஜனமும் என் வாயையே பார்க்கிறது. நீ ஆட்டத்தை விட்டுவிட்டு நேராக வந்து, என் தோளில் கையைப் போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, உன் மைக்கில் என் குரலில் பாடினாய். நான் கண்ணை மூடி வாயை அசைத்தேன். அது புது ஸ்டெப் என்று நினைத்து ஜனம் கைதட்டியது. அந்த நொடியில் எடுத்த போட்டோதான் என் கடைச் சுவரில் இருக்கிறது.

அடுத்த மூன்று வருடத்தில் எந்தப் பாட்டும் எடுபடவில்லை, கம்பெனியும் கைவிட்டது. மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள், நான் அப்பாவின் கடைக்கு வந்தேன். பாட்டை விடாதவன் நீ ஒருவன்தான். சென்னையில் அடுத்தவர் பாட்டுகளுக்குக் கோரஸ் பாடினாய், முகூர்த்த நாட்களில் கல்யாண மேடைகளில் பாடினாய். வரவேற்புக்கு வந்தவர்கள் பந்திக்குப் போய்விட்ட பிறகும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் வயிற்றிலிருந்து எடுத்துப் பாடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டேன், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று. "சொன்னா பாட்டு இன்னும் நல்லாயிருமா? போய்க் கடையப் பாருடா" என்றாய். எனக்கு அது வசதியாக இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். அதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன்.

பிறகு பத்தே நாள் காய்ச்சல். அந்தக் குரலை அடக்கப் பத்து நாள் போதுமாக இருந்தது.

போன மாதம் உன் முதல் வருடத் திதிக்கு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் உன் அம்மா உன்னுடைய போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நம் பாட்டை வைத்தார். உன் இரண்டு வரி முடிந்ததும் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

"எம்பட பையன் குரலு தனியாக் கேக்கறது இந்த ரெண்டு வரிதான் சாமி. காது குடுக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிருது. உன்றதுதான் நல்லா நீளமா இருக்குது" என்றார்.

என் கடை, அந்தப் போட்டோ, அந்தப் பாட்டைக் கேட்டு என்னைக் கட்டிக்கொண்ட மனைவி, எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்தது. பிறகு சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்த நாலு வரி நான் பாடலீங்க. அதும் அவன் பாடுனதுதானுங்க."

அம்மா நம்பவில்லை. "எனக்கு ஆறுதலுக்குன்னு சொல்லாத சாமி. எம்பட பையன் வரிக்கு நடுவுல மூச்சு வாங்க மாட்டான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அது எம்பட மூச்சுங்கம்மா. நான் பாடற மாதிரியே தெரியோணும்னு எனக்காக வாங்குனானுங்க."

அப்போதும் இல்லையென்று தலையாட்டினார். வேறு வழி தெரியவில்லை. அந்த நான்கு வரிகளையும் அவர் முன்னால் நானே பாடினேன். அந்த ஸ்டுடியோவுக்குப் பிறகு அதை ஒருவர் முன்னால் பாடியது அன்றுதான். இரண்டாவது வரியிலேயே சுருதி எங்கோ போய்விட்டது.

"அட என்ற சாமி! நீ இவ்வளவு மோசமாவா பாடுவே!" என்று அம்மா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் கொட்டியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டை அந்த இடத்திலிருந்து வைத்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பியதுகூட அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். "எனக்கு எப்பவோ தெரியுமுங்க. நீங்க பாப்பாவுக்குத் தாலாட்டுப் பாடறதக் கேட்டவதான நானு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இன்று மதியம் பனமரத்துப்பட்டியிலிருந்து ஏழெட்டு இளைஞர்கள் வந்தார்கள். திருவிழாவுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டையாம், அந்த மாம்பழ மஞ்சளையே எடுத்தார்கள். ஒருவன் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனில் நம் பாட்டைப் போட்டான். "அண்ணா, அந்த முதுகு யாருங்க?"

"பாடுனவருங்க அவரு. நான் வாயசைச்சவன்" என்றேன்.

அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் துணியை அளந்துகொண்டிருந்தேன். கொட்டு அடங்கி, உன் குரல் தனியாக எழுந்தது. வரியின் நடுவில் அந்த இடம் வந்தபோது என்னையறியாமல் மூச்சு வாங்கினேன். நீயும் அதே நேரத்தில் வாங்கினாய்.