கைப்பிடி விதையும் கோர்ட்டு ஸ்டாம்பும்

அக்கா, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. முக்கியமாக உன் அறையில் இருக்கும் வள்ளிமயில் கண்ணில் படவே கூடாது. அவள் பெரியம்மாவின் அண்ணன் மகள், இங்கே ஓடு மாற்றினால் அவளுக்கு ஓசூரில் தெரிந்துவிடுகிறது. படித்ததும் கிழித்துவிடு, உள்ளே இருக்கும் இன்னொரு தாளை மட்டும் பத்திரமாக வை, அது என்னவென்று பின்னால் எழுதுகிறேன். எழுதுவது நான்தான், உன் தங்கச்சி சுந்தரேஸ்வரி. ஆனால் இது அம்மாவின் கடிதம். சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன். இப்போது போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் நமக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் ஏறவில்லை, இங்கே லைட் போட்டால் அங்கே ஓட்டில் வெளிச்சம் தெரியும் என்று உனக்குத் தெரியுமே. போனில் பேசலாமே என்பாய். இருக்கிற ஒரே போன் பெரியப்பா கையில் இருக்கிறது, அவர் முற்றத்தில் நின்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுப்பார்.

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதச் சொல்வது. நானும் உன் தங்கச்சியும் ரெண்டு ஆடுகளும் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நைட் ஷிப்டிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். குளத்தூர் உப்பளத்து வேலை மழையோடு நின்றுவிடும் என்பதால் இந்த வாரம் ஒரு நாளும் விடாமல் வேன் ஏறிப் போகிறேன், பாதத்தில் வெடிப்பு கொஞ்சம் ஆறியிருக்கிறது, நீ வாங்கி அனுப்பிய களிம்பைத்தான் போடுகிறேன். கருத்த ஆடு சினையாக இருக்கிறது. உன் தங்கச்சி பிளஸ் டூ, படிக்கிறாளா கனாக் காண்கிறாளா என்று தெரியவில்லை. (அம்மா அப்படித்தான் எழுதச் சொன்னாள், நான் மாற்றவில்லை.) அங்கே குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு படு. முடியை வெட்டிவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் அக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை கோவில்பட்டிக்கு வந்து இறங்கும்படி பெரியப்பா உனக்கு ரயில் டிக்கெட் போட்டிருக்கிறார், விளாத்திகுளம் பத்திர ஆபீசில் நீயும், எனக்கும் சேர்த்து அம்மாவும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும், நீயும் சரி என்று சொல்லிவிட்டாய். நீ சரி என்று சொன்னதை ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டுக்கொண்டு நின்றோம். அம்மா சம்மதித்துவிட்டாள் என்று அவர் உன்னிடம் சொன்னது உண்மை இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். விடுதலைப் பத்திரம் என்றால் தாத்தா பெயரில் இருக்கும் கரிசல் காட்டில் அப்பா வழியாக நமக்கு வரவேண்டிய பாகம் வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது. அதன் பிறகு அவர் ஒருவர் கையெழுத்திலேயே சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம். அவர் கெட்டவர் என்று அம்மா சொல்லவில்லை, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவர் அவர்தான், உன் கல்யாணத்தை நான் நடத்துகிறேன் என்றும் சொல்கிறார். ஆனால் போன வாரம் கம்பெனி ஆளோடு வந்து, பத்திரம் அடித்துக்கொள்வோம், முதலில் கையெழுத்தைப் போடு என்று வெறும் தாளை நீட்டினார். எதை வாசித்துவிட்டு நான் கையெழுத்துப் போட என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. “கோர்ட்டுக்குப் போவியளோ? போங்க. நெலத்து வெலைக்கு ஸ்டாம்பு வாங்கி ஒட்டணும் தெரியுமா? ஒட்டி முடிக்கையில ஒட்டுன தாளுதான் மிஞ்சும், நெலம் இருக்காது” என்றார். கம்பெனி ஆள் சிரித்தான். உன்னிடமும் அவர் இதைச் சொல்லியிருப்பார், நீ பயந்துதான் சரி என்றிருப்பாய் என்று அம்மா நினைக்கிறாள்.

நானும் பயந்தேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியில்தானே கோர்ட்டு இருக்கிறது, அங்கே இலவச சட்ட உதவி மையம் என்று போர்டு போட்டிருக்கிறது, தினமும் பார்த்துக்கொண்டே போவேன். ஒருநாள் உள்ளே போனேன். யூனிபாரத்தோடு போனதால் எல்லோரும் பார்த்தார்கள், யாரோ ஒருவர் பெயில் எடுக்க வந்தியாம்மா என்று கேட்டுச் சிரித்தார். அங்கே இருந்த வக்கீல் அக்கா உட்காரச் சொல்லி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அதனால் ஒருநாள் உப்பளத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மா என்னோடு விளாத்திகுளம் பஸ் ஏறினாள். போகும் வழியெல்லாம் தெரிந்தவர்கள் ஏறுகிறார்களா என்று இரண்டு பேரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

வக்கீல் அக்கா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், நிதானமாகப் படி. பாகம் கேட்டுப் போடும் மனுவுக்குப் பிராது என்று பெயர். அதில் நாம் வாதி, பெரியப்பா பிரதிவாதி. அதோடு வக்காலத்து வைக்கவேண்டும், அதாவது எங்களுக்காக இந்த வக்கீல் பேசலாம் என்று நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. பிரதிவாதிக்குச் சம்மன் அனுப்பத் தனியாகக் கட்டணம் உண்டு. நிலத்தின் மதிப்பு கூடுதல் என்றால் விளாத்திகுளத்தில் எடுக்கமாட்டார்கள், கோவில்பட்டி கோர்ட்டுக்குப் போகவேண்டும். இனிமேல்தான் பெரியப்பா சொன்ன ஸ்டாம்பு. நிலத்தை எல்லோரும் சேர்ந்து அனுபவித்து வருகிறோம், இப்போது பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டால் அதற்கு ஒரு சின்னக் கட்டணம்தான், நிலம் எவ்வளவு விலை போனாலும் அதற்குத் தகுந்தபடி ஏறாது. ஆனால் அனுபவத்தை விட்டு விலகிவிட்டோம், எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்றால் நம் பாகத்தின் மதிப்பைப் பார்த்து அதற்கு இத்தனை வீதம் என்று கட்டணம் போடுவார்கள். அப்போதும் நிலத்து விலை முழுவதும் இல்லை. பெரியப்பா யாரோ சொன்னதைக் கேட்டு ஊதிச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம்தான் அந்த வக்கீல் அக்கா, கடைசியாக எப்போது விளைச்சலில் பங்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “அவிய போன பொறவு ஒரு மணி கூட வாங்கல. பொங்கலுக்குச் சோளம் ஒரு மூட குடுத்துவிட்டாவ, வாசலோட திருப்பி அனுப்பிட்டேன்” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்டார். இப்படி நாமே வாங்காமல் விட்டால், அனுபவத்தை விட்டு விலகிவிட்டோம் என்று பெரியப்பா பக்கம் சொல்ல இடம் உண்டு என்றார்.

உனக்கும் இது தெரியாது அக்கா. புரட்டாசியில் முதல் நல்ல மழை விட்ட கையோடு, எந்த நேரமானாலும் பெரியப்பா ஓலைப்பெட்டியோடு வந்து கதவைத் தட்டுவாரே, அப்பா ஒரு கைப்பிடி சோளம் அள்ளி அதில் போடுவாரே, நாமும் எழுந்து வந்து வேடிக்கை பார்ப்போமே. பங்காளி வீட்டு விதை எல்லாம் சேர்ந்துதான் முதல் உழவுச் சாலில் விழவேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அப்பா இறந்த வருஷம் நீ ஓசூருக்குப் போய்விட்டாய். அந்தப் புரட்டாசியில், தாலியறுத்தவள் கை விதையில் படலாமா என்று பெரியம்மா குழாயடியில் சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது. மழை பெய்தது, பெரியப்பா வந்தார், தட்டினார். அம்மா விளக்கை அணைத்துவிட்டு என் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார், இருமினார், மறுபடி தட்டினார், போய்விட்டார். கேட்டால் பெரியம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டி வரும், அண்ணன் தம்பி வீட்டில் சண்டை வரும் என்று அம்மா நினைத்தாளாம். நாம் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் தட்டவே இல்லை.

அம்மாவும் நானும் திரும்பி பஸ் ஏறினோம். எட்டயபுரம் ரோட்டுப் பிரிவு தாண்டியதும், “ஏட்டி, நான் கதவத் தொறக்காம இருந்ததுக்கு கோர்ட்டுல இம்புட்டு வெலையாட்டி?” என்றாள். நான் மறுபடி விளக்கினேன். பெண்களுக்குச் சட்ட உதவி மையம் மூலமாக வழக்குப் போட்டால் வக்கீல் செலவும் கோர்ட்டுக் கட்டணமும் நம் கையிலிருந்து போகாது, வருமானம் கூடப் பார்ப்பதில்லை என்று வக்கீல் அக்கா சொன்னாரே, சில வருஷம் பங்கு வாங்காததால் உரிமை ஒன்றும் போய்விடாது என்றும் சொன்னாரே என்றேன். அதையெல்லாம் கேட்டுவிட்டு, “கட்டாண்டாம்னாலும் நான் கதவ அடச்சது அடச்சதுதான” என்றாள்.

வழக்குக்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. அதே மையத்தில் ஒரு மனு கொடுத்தால் பெரியப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பி இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், அதற்குக் கட்டணமே கிடையாது, பேசி முடிந்தால் எழுதிக் கொடுப்பது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரிதான். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் என் பாகத்தை யாரும் அவசரப்பட்டு எழுதி வாங்கமுடியாது, அதற்குக் கோர்ட்டு அனுமதி வேண்டியிருக்கும் என்றும் வக்கீல் அக்கா சொன்னார். அம்மாவுக்கு இந்த மனு பிடித்திருக்கிறது. உள்ளே வைத்திருக்கும் தாள் அதுதான். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள், எனக்காகவும் அவளே போட்டிருக்கிறாள். உன் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். முழுவதும் வாசித்துப் பார்த்து, மனதுக்குச் சரி என்றால் போடு. சட்ட உதவி மையத்தின் முகவரி எழுதிய கவரும் உள்ளே இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பாதே, அங்கேயே நேராக அனுப்பு. நீ நிலத்தை விற்கலாம் என்று நினைத்தாலும் அம்மாவுக்குக் கோபம் இல்லை. விற்றாலும் மூன்று பேரும் தெரிந்து விற்கவேண்டும், எழுதாத தாளில் விற்கக்கூடாது, அவ்வளவுதான் என்கிறாள். வெள்ளிக்கிழமை வா, அந்த டிக்கெட்டிலேயே வா, வீட்டுக்கு வந்து சாப்பிடு. பத்திர ஆபீசுக்கு மட்டும் போகாதே.

எனக்கு ஒன்றுதான் பயம் அக்கா, நோட்டீஸ் போகும் முன்னால் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வார் என்று. என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தச் சொல்வாரோ என்று கூட நினைத்தேன். அம்மா பயப்படவில்லை. நோட்டீஸ் தபால்காரர் கையில் போகும் முன்னால் நானே சொல்லிவிடுவேன், ஒரே சுவரில் இருந்துகொண்டு அவருக்குத் தபாலில் சொல்லக்கூடாது என்கிறாள். விற்கப் போகிற காட்டை யாராவது உழுவார்களா என்றும் கேட்கிறாள், ஏனென்றால் பெரியப்பா இந்த வருஷமும் புழுதி உழவு போட்டிருக்கிறார். நான் காட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன், உண்மைதான், நம் பாகம் என்று அப்பா காட்டும் வேப்பமரத்து மூலை வரை உழுதிருக்கிறார். அம்மா நாட்டுச் சோளம் வாங்கி, சொத்தை பொறுக்கி, ஓலைக் கொட்டானில் போட்டு நிலைப்படி ஓரத்தில் வைத்திருக்கிறாள். அவர் தட்டினால் இந்தத் தடவை திறப்பேன், யார் கை படலாம் படக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம், தட்டாவிட்டால் நீ அனுப்பும் மனுவை மையத்தில் எடுக்கச் சொல்லிவிடுவோம், பேச்சு சரிவராவிட்டால் பிராது என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். படுக்கும் முன் இந்தக் கடைசித் தாளின் அடியில் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். மேலே நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், உன்னிடம் மட்டும் வெறும் தாளில் போடுவேன் என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் கையெழுத்துக்கு மேல் இடம் இருக்கும் வரைதான் எழுதமுடியும்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொன்னாள். குலசாமி துணையாக இருக்கட்டும், நீ நூறு வருஷம் நல்லா இரு, ராத்திரி பஸ்ஸில் தனியாக வராதே, கையெழுத்து எங்கே போட்டாலும் வாசித்துவிட்டுப் போடு என்றாள். நான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது இதை ஸ்பீடு போஸ்டில்

இல்லை, இன்னும் கொஞ்சம் எழுதவேண்டும். மழை அக்கா. எழுதிக்கொண்டே இருந்ததில் கவனிக்கவில்லை, ஓட்டில் விழுகிற சத்தத்தில் ஆடு கத்தியது, அப்போதுதான் தெரிந்தது. நல்ல மழை. கரிசல் வாசனை கதவு இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. அம்மா முழித்துவிட்டாள், படுத்தபடியே மழைச் சத்தத்தைக் கேட்கிறாள். மழை குறைகிறது. விட்டுவிட்டது. பெரியப்பா வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. என் டார்ச் வெளிச்சம் அங்கே தெரிந்துவிட்டதோ என்னவோ. யாரோ வருகிறார்கள், செருப்பில் கரிசல் ஒட்டி இழுத்து இழுத்து வைக்கிற நடை. இருமல். கதவைத் தட்டுகிறார்கள் அக்கா. அம்மா எழுந்துவிட்டாள், இருட்டில் கொட்டானைத் தேடுகி

இப்படிக்கு,
உன் அம்மா
ச. சுடலையம்மாள்