கேட்டுவிட்டு வாயை மூடும் பாடம்

ஜூலை 2, புதன்

இன்று எனக்கு ஒரு கோச் வந்தாள். கிரிக்கெட்காரர்களுக்கு இருப்பார்களே, அந்த மாதிரி. தலைமை ஆசிரியர்களின் மனப்போக்கையும் பழக்கத்தையும் மாற்றுவதற்கென்றே சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறதாம். எங்கள் மிஷன் நிர்வாகம் அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறது. அவள் பெயர் யுவஸ்ரீ. என் மகள் வயசுகூட இருக்காது. முப்பது வருஷமாய்ச் சாக்பீஸ் பிடிக்கிற இந்தப் பிரேமகுமாரியை மாற்ற, லோக்கல் ரயிலில் திருத்தணிக்கு வந்து இறங்கியிருக்கிறாள்!

வந்தவள் எதுவும் சொல்லித் தரவில்லை. கேட்கிறாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். "இந்த ஸ்கூல்ல என்ன மாறணும்னு நினைக்கிறீங்க மேடம்?" தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து சத்துணவு முட்டைவரை சொன்னேன். "சரி. உங்ககிட்ட?" என்றாள். டீ வரவழைத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். அவள் டீ குடிக்கமாட்டாளாம். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் கணக்கு டீச்சர் கயல்விழி என் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"டீச்சர், அரக்கோணம் ஸ்கூலுக்கு மாத்தல் கேட்டிருக்கேன். தாளாளர்கிட்ட சொல்லிட்டேன்."

அரக்கோணத்திலும் எங்கள் நிர்வாகத்துக்குப் பள்ளி இருக்கிறது, அவள் ஊருக்குப் பக்கம். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு முடிவு செய்வார்களாம்.

"ஏம்மா?"

"ரயிலுதான் டீச்சர். மணவூர்லேர்ந்து தெனம் வரது கஷ்டமா இருக்குது."

இத்தனை வருஷமாக அதே ரயில்தான். ஒருநாள்கூடத் தாமதமில்லை. இப்போது மட்டும் ரயிலுக்கு என்ன வந்தது? அவள் போனால் அந்த இடத்துக்கு ஆள் போட எத்தனை காலமாகுமோ. அதுவரை தமிழ் எம்.ஏ. பிரேமகுமாரி பின்னம் நடத்த வேண்டியதுதான், பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாற்றட்டும். ஆனால் அதுகூட இல்லை. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து கேள்வி கேட்பது இவள் ஒருத்தியைத்தான். அவளைப் போகவிட எனக்கு மனசில்லை.

ஜூலை 9, புதன்

இந்த யுவஸ்ரீயை எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எட்டாம் வகுப்புல கயல்விழி டீச்சர் கணக்கு போட்டுட்டு இருந்தாங்க. நீங்க உள்ளே போனீங்க. அவங்க கையில இருந்த சாக்பீஸ் இப்ப எங்கே இருக்கு மேடம்?"

என் மேஜைமேல் இருந்தது. டீ டம்ளர் பக்கத்தில்.

"அடிக்கடி இப்படி நடக்குமா?"

நடக்காது என்று சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்தேன். ஒரு கை நிறையத் துண்டு சாக்பீஸ். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையிலிருந்து நான் வாங்கி, அவர்கள் பாடத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, மறதியாகக் கொண்டுவந்தது.

"தப்பா போட்டா பாத்துகினு நிக்கணுமா?" என்று சத்தம் போட்டேன். "தப்பா போட்டாங்களா?" என்றாள். இல்லை. மெதுவாகப் போட்டாள், அவ்வளவுதான். கயலுக்கு ரயில் கஷ்டமில்லை. நான்தான் கஷ்டம். சே!

ஒரே ஒரு பழக்கம் போதுமாம். வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வேறு யாராவது பேசும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது. இதற்குப் போய் ஒரு தொண்டு நிறுவனமா?

ஜூலை 11, வெள்ளி

கூட்டம். "கணக்குல பின்தங்கின பிள்ளைங்களுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். வாயை மூடினேன். சுந்தரமூர்த்தி சார்தான் மூத்தவர். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "நீங்களே சொல்லிடுங்கம்மா. நாங்க எழுதிக்கிறோம்."

சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை 17, வியாழன்

மானம் போயிற்று.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசிப் படிக்க வேண்டும் என்று யுவஸ்ரீயோடு சேர்ந்து முடிவு செய்திருந்தோம். அதனால் அவள் வருகிற புதன்கிழமை காலையில் பெஞ்சுகளை வட்டமாகப் போடுவோம். அவள் ரயில் ஏறியதும் பழையபடி வரிசை. வாரத்தில் ஒருநாள் நாங்கள் ரொம்ப நல்லவர்கள். நேற்றும் நல்லவர்களாக இருந்தோம். அவள் இன்றும் வந்து நிற்கிறாள்!

கேட்டில் அவளைப் பார்த்ததும் சுந்தரமூர்த்தி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சு இழுக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தம் கடைத்தெருவரை கேட்டிருக்கும். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சின் இன்னொரு முனையைப் பிடித்து அவரோடு சேர்ந்து தூக்கினாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ஜூலை 25, வெள்ளி

வாயில் ஒரு கிராம்பு அடக்கிக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தேன். போன தடவை கேட்ட அதே கேள்வி. கேட்டதும் கிராம்பைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. புஷ்பலதா டீச்சர் தும்மினாள். பதில் வந்துவிட்டது என்று எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பாவம், தும்மியதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

கடைசிவரை யாரும் பேசவில்லை. முடிவில்லாமலே கூட்டம் கலைந்தது. பதினோரு வருஷத் தலைமையில் முதல் தடவை. கயல் மட்டும் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிள்ளைகள் என்னைக் கண்டால் நுனிக்காலில் நடக்கிறார்கள். ஒரு பிள்ளையின் அம்மா வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறாள். ஒன்றும் புரியவில்லை. மத்தியானம் சத்துணவு சமைக்கிற ஜெயம்மாள் ஒரு கிண்ணத்தில் பஞ்சாமிர்தமும் பொட்டலத்தில் திருநீறும் கொண்டுவந்தாள்.

"எத்தினி நாளும்மா விரதம்?"

"என்ன விரதம்?"

"ஐயோ, பேசிட்டீங்களே! கிருத்திகை வர்ற நேரத்துல மௌனத்தை முறிச்சிக்கலாமா? நான் எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்கேன், எங்க ஹெச்.எம். அம்மா கிறிஸ்டினா இருந்தாலும் முருகன் மேல எம்மாம் பக்தின்னு."

வெள்ளிக்கிழமைக்குப் பழக்கமாகட்டும் என்று வீட்டிலும் வராந்தாவிலும் வாயை அடக்கிப் பார்த்ததன் பலன். எங்கள் ஊரில் ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது ஒரு பொம்பளை திடீரென்று பேச்சைக் குறைத்தால் வேறு என்ன நினைப்பார்கள்? தெருவெல்லாம் காவடிக்கு விரதம் இருக்கிறவர்கள்தானே. பஞ்சாமிர்தம் நன்றாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு அரக்கோணம் ஜங்ஷனில் வேலை. "ஆங், டீக்கடையில கேட்டாங்க. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்திச்சி, ஆனா நிம்மதியா இருந்ததால கேக்கல" என்கிறார். ஜெபரத்தினம் என்று இவருக்குப் பெயர் வைத்தவர்களைச் சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா எவாஞ்சலின் பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார். "பிரேமாக்கா, மனசுல இன்னா பாரம் இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க. மலைக்கு நேந்துக்கற அளவுக்கு இன்னா ஆயிடிச்சி?" நான் வாய் திறக்குமுன் தலைமேல் எட்டுக் கைகள். ஜெபம் ஆரம்பமாகிவிட்டது.

ஆமென் சொன்னதும் விளக்கினேன். கோச் வந்ததில் ஆரம்பித்து, சாக்பீஸ், கிராம்பு, தும்மல், பஞ்சாமிர்தம் வரை ஒன்றுவிடாமல். பஞ்சாமிர்தத்தை விட்டிருக்கலாம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "தோத்திரம்! அக்கா பழைய மாதிரியேதான் இருக்காங்க" என்று பாஸ்டரம்மா எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

பழைய மாதிரியேதானா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேசினாள்! கயல் பேசினாள்!

கூட்டத்தில் பழைய கேள்வியையே கேட்டேன். கிராம்பு இல்லாமல் காத்திருந்தேன். சுந்தரமூர்த்தி சார்கூட இப்போதெல்லாம் என்னைக் காப்பாற்ற வருவதில்லை. அப்புறம் ஜன்னல் பக்கமிருந்து, "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கை ஒரே நேரத்தில் முதல் பீரியடாக வைக்க வேண்டுமாம். எந்த வகுப்பு என்று பார்க்காமல், யாருக்கு எது தெரியுமோ அதை வைத்துக் குழு பிரிக்க வேண்டுமாம். கழித்தல் தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமன்பாடு நடத்தி என்ன பயன் என்றாள். சரிதான். ஆனால் அதற்கு என் கால அட்டவணையைக் கிழிக்க வேண்டும். மே மாதம் முழுக்க உட்கார்ந்து கலர் ஸ்கெட்சில் நான் போட்டது. புஷ்பலதா டீச்சரும் சேர்ந்துகொண்டாள்: "எனக்கும் அப்படித்தான் தோணிச்சி, சொல்லல."

"செய்யுங்க" என்றேன். சுவரிலிருந்து அட்டவணையை நானே கழற்றினேன்.

செப்டம்பர் 3, புதன்

கெடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன்.

புதுமுறையின் மூன்றாம் நாள். வராந்தாவில் ஒரே இரைச்சல். எட்டாம் வகுப்பு ஆகாஷை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்ததில் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுகிறான். கயல் அவன் பக்கத்தில் குனிந்து ஏதோ மெதுவாய்ப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனேன். "ஆகாஷ், உன் க்ளாஸுக்குப் போடா" என்றேன். அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, போர்டில் பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். எல்லாம் ஒரு நிமிஷம். திரும்பிப் பார்த்தபோது கயல் டஸ்டரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டிருந்தாள்.

வகுப்பே என்னைப் பார்த்தது. அடுத்தது என்ன நடத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

யுவஸ்ரீக்குப் போன் செய்தேன். "இப்ப நான் என்ன செய்யறது, அதைச் சொல்லு" என்று கத்தினேன். "நீங்க என்ன செய்யலாம்னு..." என்று ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் கயலிடம் போனேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன். "உங்க கையில இருந்து நான் வாங்கியிருக்கக் கூடாது. இனி இப்படி நடக்காம இருக்க நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். இதுவரை காத்திருந்ததெல்லாம் காத்திருப்பே இல்லை.

மணி அடித்தது. பதில் சொல்லாமல் வகுப்புக்குப் போனாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். "வாழ்த்துகள் மேடம்" என்றாள் கயல். எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாளாளர் சைமன் போன் செய்தார். கயல் அரக்கோணத்துக்குப் போக ஆர்டர் அடித்து வைத்திருக்கிறாராம். "உங்களுக்கு அவங்க தேவைன்னு எனக்குத் தெரியும்மா. ஒரு வார்த்தை சொல்லுங்க, கிழிச்சிப் போட்டுடறேன். கயல்விழிக்குக் காரணம்கூட சொல்ல வேணாம்."

ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் நின்றது. பிள்ளைகளுக்காகத்தானே என்று மனசு எத்தனை நியாயம் சொன்னது! ஆனால் இதுவும் அவள் கையிலிருந்து பிடுங்குவதுதானே?

"அவங்களைக் கேளுங்க சார். அவங்க இன்னா சொல்றாங்களோ அதையே செய்யுங்க."

"யோசிச்சித்தான் சொல்றீங்களா? போயிட்டா வேற ஆள் தர முடியாது."

"ஆங். யோசிச்சித்தான்."

பரீட்சை முடிந்ததும் கேட்கிறேன் என்றார். போனை வைத்த பிறகு என்மேலேயே எனக்குக் கோபம். முட்டாள் பிரேமா, முட்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

கயல் அறைக்குள் வந்தாள். உட்காரவும் செய்தாள்.

"நான் என்ன செய்யணும்னு கேட்டீங்களே."

"ஆங்."

"திங்கக்கிழமை உங்க தமிழ் வகுப்புல நான் வந்து உக்காந்துக்கறேன். பாக்கணும்."

தாராளமாக என்றேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதிகாரிகள் எத்தனை பேர் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அப்போதெல்லாம் வராத பயம். "புடவை எது கட்டிகினு போறது?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். பொண்ணு பார்க்க வரும்போதுகூட நீ இப்படிப் பயப்படலையே என்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள்

கயல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு, இலக்கணம். நன்றாக நடத்தியதாகத்தான் நினைத்தேன். முடிந்ததும் எப்படி இருந்ததென்று கேட்டேன்.

"கேள்வி கேக்கறீங்க டீச்சர், ஒடனே நீங்களே பதில் சொல்லிடறீங்க. கவிப்பிரியாவுக்குத் தெரிஞ்சிருந்திச்சி. ஒவ்வொரு தடவையும் எழுந்துக்கப் போறா, அதுக்குள்ள நீங்க முடிச்சிடறீங்க. கடைசியில கையைக் கட்டிகினு உக்காந்துட்டா. எனக்கு அவளப் பாத்துகினு இருக்கவே கஷ்டமா இருந்திச்சி."

சுருக்கென்றது. கவிப்பிரியாவை நான் பார்க்கவே இல்லை. "இன்னொரு தடவை வருவியா?" என்றேன்.

"பாக்கலாம் டீச்சர்."

செப்டம்பர் 26, வெள்ளி

பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. தாளாளர் அவளிடம் கேட்டாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் படுகிற பாட்டைப் பார்த்து, "மறுபடியும் விரதமா?" என்கிறார் வீட்டுக்காரர்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. பிரேயர் முடிந்தது, கயல் வரவில்லை. முதல் பீரியடுக்கு மணியும் அடித்தாயிற்று. கணக்குப் பிள்ளைகள் தாங்களாகவே குழுவாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆகாஷ் ஆறாம் வகுப்புப் பையனோடு ஏதோ போட்டி போட்டுக்கொண்டிருந்தான். சுந்தரமூர்த்தி சார் என்னைப் பார்த்தார், நான் கேட்டைப் பார்த்தேன். ஒருநாளும் தாமதமாக வராதவள். சரி, அரக்கோணம்தான். ஆர்டரை வாங்கிக்கொண்டு இந்நேரம் அங்கே கையெழுத்துப் போட்டிருப்பாள்.

மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"சாரி டீச்சர். ஸ்டேஷன்ல ஒரே கூட்டம், ஒரு ரயில விட்டுட்டேன். சீசன் டிக்கெட் எடுக்க நின்னுகினு இருந்தேன்." பையைத் துழாவி எடுத்து நீட்டினாள். மணவூர் – திருத்தணி. மூன்று மாதம்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "போம்மா, பிள்ளைங்க காத்துகினு இருக்காங்க" என்றேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அப்புறம்தான், அவள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை என்பது ஞாபகம் வந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் வகுப்பு வாசல்வரை போய்விட்டேன். உள்ளே யாரோ ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கயல் காத்திருந்தாள்.

திரும்பி வந்துவிட்டேன். கையெழுத்து சாயங்காலம் போட்டுக்கொள்ளட்டும்.