கூரையைத் தட்டிப் பார்த்த துப்பாக்கி

கோதாவரிகனி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுவரூபாவுக்கு, அப்பா ஓதேலு ஆசிகளுடன் எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கப் பழகி நாலு மாதம்தான் ஆகிறது. இதற்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் இன்னொருவரை எழுதச் சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளை இங்கே விட்டுப்போன வீடியோ கேமை நேற்று முடித்துவிட்டேன். "இந்த வயசுல துப்பாக்கி விளையாட்டா? உனக்குப் புத்தி பிசகிடுச்சு. ஞாயித்துக்கிழமை வந்து வாரங்கலுக்கே கூட்டிட்டு வந்துடுறேன்" என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

சுரங்கத்துக்குள் நடக்கும் கதை அது. தண்ணீர் சொட்டும், தூரத்தில் யாரோ இருமுவார்கள், விளக்கு விழும் இடம் மட்டும் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்திலேயே காலம் தள்ளிய எனக்கே உடம்பு சிலிர்த்தது. பேசுவதெல்லாம் கீழே தெலுங்கில் ஓடும். நிறுத்தி நிறுத்தி, விரல் வைத்துப் படித்தேன். யாரும் படித்துச் சொல்லவில்லை, மகளே!

முதலில் அடிக்கடி செத்தேன். தளர்ந்த கல் விழுமோ என்று தடியால் கூரையைத் தட்டிப் பார்க்காமல் எந்தச் சுரங்கத்துக்காரன் காலை எடுத்து வைப்பான்? கையில் தடி இல்லை. அதனால் கூரையைச் சுட்டுச் சத்தம் கேட்டேன். எதிரிகள் திபுதிபுவென்று வந்துவிட்டார்கள். "கூரை உன்னை என்ன பண்ணுச்சு மாமா?" என்று பக்கத்து வீட்டுப் போசக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் வெளிக்கதவு மூடப்போகிறது. கூட வந்தவன் கால் ஒடிந்து உள்ளே கிடக்கிறான். அவனை விட்டு ஓடு என்று எழுத்து வந்தது. படித்தேன். திரும்பிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கதவு மூடியது. "தோத்துட்டியே மாமா!" என்றாள் போசக்கா. "போடி! இறங்கினவங்க எல்லாரோட தலைவிளக்கும் மேலே விளக்கு அறைக்குத் திரும்பி வராம நாங்க வீட்டுக்குப் போனதில்ல" என்றேன். விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக ஏறின. ஒன்று விடாமல் படித்தேன்.

புத்தி பிசகினவனா இதெல்லாம் செய்வான்? நான் வாரங்கலுக்கு வரவில்லை. உன் அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அவள் கட்டில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ தாராளமாக வா, போசக்காவிடம் சர்வபிண்டி அடை சுடச் சொல்லியிருக்கிறேன். என் துணிகளை மட்டும் பையில் எடுத்து வைக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். அடுத்த வாரமும் கடிதம் வரும், இதே வீட்டிலிருந்து.

உன் அப்பா,
ஓதேலு